மருமவனே, படகு வாங்கப் போறீராமே!

கேள்விப்பட்டேன் மருமவனே. மெட்ராஸ் வீட்ட வித்துப்புட்டு ஒரு பாய்மரப் படகு வாங்கி, அதுலயே குடியிருந்து, கொச்சி, கோவா, கொழும்புன்னு துறை துறையா சுத்தப் போறீராம். வீட்டு வரி கிடையாது, அடுத்த வீட்டுக்காரன் சண்டை கிடையாது, காத்துக்குக் காசு கிடையாதுன்னு உங்க அம்மைட்ட கணக்கு வேற சொன்னீராமே. நல்ல கணக்கு. தூத்துக்குடியில தோணி ஓட்டுற தண்டலா நின்ன எனக்கே இத்தனை நாளா இது தோணல பாத்தீரா!

காத்துக்குக் காசு இல்லதான். ஆனா அது உம்ம தோதுக்கு வராது. ஆனி, ஆடியில கச்சான் காத்து அடிக்கையில எங்க தோணி எல்லாத்தையும் கட்டிப் போட்டிருவோம். படகு செய்யிற ஓடாவி வந்து பலகை இடுக்கை அடைச்சிக் கலப்பத்து அடிப்பாரு. ஐப்பசி, கார்த்திகையில புயலுக்குப் பயந்து கெடக்கணும். பங்குனியில கடல் அமைதியாத்தான் இருக்கும், பாயும் அமைதியாத் தொங்கும். அப்ப டீசல் ஊத்தி இஞ்சினை முடுக்க வேண்டியதுதான். பேருதான் பாய்மரம்.

உம்மது பைபர் படகு, கலப்பத்து வேண்டாம்னு சிரிக்காதீரும். மரமா பைபரான்னு கொட்டலசுப் பூச்சி கேட்டுக்கிட்டா ஒட்டுது? தண்ணிக்குக் கீழ பாசியும் அதுவுமாக் குடும்பம் பெருக்கினா படகு நகராது. வருசத்துக்கு ஒருக்கா கரையேத்திச் சுரண்டி, செம்பு கலந்த பெயிண்ட் அடிக்கணும். அந்த டப்பா விலையை இப்ப சொல்ல மாட்டேன். உங்க அம்மைக்கு ஏற்கனவே பிரஷர்.

கக்கூஸைப் பாத்தீரா? பாத்திருக்க மாட்டீரு. விளம்பரப் படத்துல அதைக் காட்டமாட்டான். ஒரு கைப்பம்பு இருக்கும். அதை அடிச்சி அடிச்சித்தான் உள்ளத வெளிய தள்ளணும். காகிதம் கொஞ்சம் கூடப் போனாலும் குழாய் அடைச்சிக்கிடும். ஆபீஸ்ல நாப்பது பேரை மேய்க்கிற மானேஜரு, குழாயைக் கழட்டி மடியில வச்சிக்கிட்டு கம்பியால குடையுவீரு. படகு அப்ப ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டே ஓடும். இன்னொண்ணு, சாமான் வாங்கின அட்டைப்பெட்டியை உள்ள ஏத்திராதீரும். மடிப்புக்குள்ள கரப்பான் முட்டை வரும். அதுக்கு அப்புறம் குடியிருக்கது அது, வாடகைக்கு இருக்கது நீரு.

அடுத்த வீட்டுக்காரன் சண்டை இல்லன்னீரே, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. கரையில அடுத்த வீடு நின்ன எடத்துல நிக்கும். கடல்ல அது ராத்திரி ரெண்டு மணிக்கு உம்ம படுக்கைக்கு நேரா வந்து நிக்கும். மூணு பாகம் ஆழத்துல பதினஞ்சு பாகம் சங்கிலியாவது விடணும். காத்து கூடினா இன்னும் விடணும். அந்தச் சங்கிலியில மிச்சம் புடிக்கவன் ஒவ்வொரு துறையிலயும் ஒருத்தன் இருப்பான். அவன் நங்கூரம் இழுபட்டு வரும்போது, நீரு ஜட்டியோட டார்ச் அடிச்சிக்கிட்டு முன்பக்கம் அணியத்துல நிப்பீரு.

கிழக்குக் கரைக்குக் குறுக்கால போகணும்னா பாம்பன். 2025-ல புது ரயில் பாலம் திறந்திருக்காவ, படகு போக ஒரு பகுதி அப்படியே மேல தூக்கும். உமக்காவ உடனே தூக்கிருவானா? வரிசையில கெடக்கணும். அங்க ஆழமும் கம்மி. அடியில ஏரா ஆழமா இறங்கின படகுன்னா இலங்கையைச் சுத்திட்டு வாரும்.

உம்மை மாதிரி ஒருத்தன் முன்னமே போயிருக்கான். ஜோசுவா ஸ்லோகம்னு பேரு. 1895-ல பாஸ்டன்ல தனியாக் கிளம்பி 1898-ல உலகத்தையே சுத்தித் திரும்புனான். நீச்சல் தெரியாதாம்! செயின்ட் ஹெலினா தீவுல யாரோ அன்பா ஒரு ஆட்டைக் குடுத்தாவ. அது படகுல இருந்த மேற்கிந்தியத் தீவு வரைபடத்தைத் தின்னுட்டு. அசென்ஷன் தீவுல இறக்கி விட்டுட்டுப் போனான். அதனால யாரு என்ன பிரியமாக் குடுத்தாலும், அது என்ன திங்கும்னு கேட்டுட்டு ஏத்தும். பல வருசம் கழிச்சி மறுபடி கிளம்பினவன் திரும்பல; அதை உங்க அம்மைட்ட சொல்லாதீரும்.

வீட்ட விக்க வேண்டாம், வாடகைக்கு விடும். அந்தப் பணம் பெயிண்டுக்கு ஆவும். முதல்ல யாரு படகுலயாவது ஒரு கச்சான் காலம் படுத்துப் பாரும். அப்புறமும் ஆசை இருந்தா சொல்லி அனுப்பும். பண்டாரி வேலை எனக்குத் தெரியாது, சோறு நீருதான் பொங்கணும். நான் சுக்கான் பக்கத்துல உக்காந்து நொட்டை சொல்ல மட்டும் வாரேன். சம்பளம் வேண்டாம், வெத்தல பாக்கு உம்ம செலவு. உங்க அத்தைட்ட மட்டும் நீரே பேசிக்கிடும்.