தலைவர் டீ குடிக்கும் கடை

அவலூர்பேட்டைக்கு மூன்று மைல் தள்ளி எங்கள் கிராமம். 1980களின் பின்பாதியில் அங்கே தினமும் வந்துபோன ஒரே பெரிய மனிதர் நைட் ஹால்ட் பஸ்தான். இரவு ஒன்பதரைக்குத் திருவண்ணாமலையிலிருந்து வந்து கோயில் முன்னால் படுத்துக்கொள்ளும். விடியற்காலை ஐந்தேகாலுக்கு உறுமி எழும். வேர்க்கடலை மூட்டை, சந்தைக்குப் போகும் ஆட்டுக்குட்டி, பிரசவத்துக்குப் போகும் பெண், என் முழுப்பரீட்சை எல்லாம் அதை நம்பித்தான் இருந்தன.

ஒருநாள் அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். பஞ்சாயத்துத் தலைவர் காலை ஆறு மணிக்கு அங்கேதான் இருப்பார். ஒளிய வழியில்லை, ஊருக்கே கடை ஒன்றுதான்.

"இன்னா தலைவரே, பஸ்ஸு எங்க?"

"நானாப்பா ஓட்டறேன்?"

"நீ ஓட்ட வேணாம். ஓட்டு கேக்க வந்தப்போ பஸ்ஸச் சொல்லித்தான கேட்ட?"

சட்டப்படி பார்த்தால் தலைவர் சொன்னதுதான் சரி. பஞ்சாயத்துக்கு பஸ்மேல் ஒரு துளி அதிகாரமும் கிடையாது. ஆனால் சட்டத்தை எடுத்துச் சொல்ல அது இடமில்லை. பெஞ்சில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பாதி டீயை வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தார். டிப்போ வாசலில் போய் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே இருந்தாராம், யாராவது வந்து என்னவென்று கேட்கும்வரை. ஐந்தாம் நாள் இரவு கோயில் முன்னால் ஹாரன் சத்தம்.

அதற்கு மேல் போவதென்றால் கலெக்டர்தான். அப்போது தென்னாற்காடு மாவட்டம். கலெக்டர் கடலூரில் இருந்தார். பஸ் வரவில்லை என்று சொல்லப் போகவே மூன்று பஸ் மாறவேண்டும். 1993இல் மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். எங்களுக்கு ஆஸ்பத்திரியும் துணிக்கடையும் திருவண்ணாமலை, கலெக்டர் விழுப்புரம், எம்.எல்.ஏ. செஞ்சி, எம்.பி. ஆரணி. எந்தப் படிவத்தை நிரப்புகிறோமோ, அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள்.

2024இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. எண்பதைத் தாண்டிய சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நகரத்தில் அவலூர்பேட்டை ரோடு என்று ஒரு சாலை உண்டு. அந்த உறவில் மேயரும் எங்களுக்கு ஒருவகையில் சொந்தம் என்று கணக்குப் போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் ராத்திரி பஸ் மறுபடி நின்றது. இப்போது அதற்குப் பெயர் 'ட்ரிப் கட்'.

"மேயரப் போய் கேளுடா."

பஸ் நிலையத்தில் நின்றபடி அவருக்கு விளக்கினேன். பஸ் நிலையம் மாநகராட்சியுடையது, உள்ளே வரும் பஸ் மாநில அரசுடையது. பர்மிட் ஆர்.டி.ஓ. பக்கம், ஊருக்குப் போகும் சாலை நெடுஞ்சாலைத்துறை பக்கம்.

"அப்ப மேயர் கையில இன்னாதான் கீது?"

"குப்பை, குடிதண்ணி, தெருவிளக்கு. அதோ அந்தக் கட்டணக் கழிப்பறை."

லண்டனில் அப்படி இல்லை என்றேன். அங்கே பஸ்களை நடத்தும் அமைப்புக்கு மேயரே தலைவர். ஆண்டுக்குப் பத்து முறை, 25 உறுப்பினர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லியாகவேண்டும். "அங்க டீக்கடை இல்ல போல," என்றார் சித்தப்பா.

நம் மேயர்களைப் பற்றியும் சொன்னேன். சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. அவ்வளவு பழைய சபையை 1973இல் கலைத்துவிட்டு, 1996வரை தேர்தலே நடத்தாமல் இருந்தார்கள். அந்த 1996இல் மு.க. ஸ்டாலினை மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டு மேயராக்கினார்கள். 2022இல் மேயர் பிரியாவைத் தேர்ந்தெடுத்ததோ கவுன்சிலர்கள். எங்கள் பஞ்சாயத்துத் தலைவருக்கு 2021இலும் நாங்களேதான் முத்திரை குத்தினோம். ஆக, சென்னைக்காரனுக்கு இல்லாத பாக்கியம் அவலூர்பேட்டைக்காரனுக்கு உண்டு. இதைச் சொன்னபோது சித்தப்பா முகத்தில் வந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே!

மேயரைக் கேள்வி கேட்கிற வேலை கவுன்சிலர்களுடையது. அது எப்படி நடக்கும் என்பதற்கு திருநெல்வேலி இருக்கிறது. 2024 ஜனவரியில் மேயர் சரவணன்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம்; குறித்த நாளில் ஒரு கவுன்சிலர்கூட மன்றத்துக்கு வரவில்லை. தீர்மானம் தோற்றது. அதே ஆண்டு ஜூலையில் மேயர் ராஜினாமா செய்தார். கேட்கவேண்டிய நாளில் கேட்க ஆளில்லை, மன்றத்தில் யாரும் கேட்காத நாளில் பதில் வந்துவிட்டது.

எங்களுக்கும் மன்றம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ராத்திரி பஸ்ஸுக்காக இரண்டு முறை தீர்மானம் போட்டோம். தீர்மானம் புறப்பட்டுப் போனது, பஸ் திரும்பவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். "காசு வேணாம்னுட்டாங்க, நல்லதுதான். பஸ்ஸயும் கண்ணுல காட்டச் சொல்லு," என்பாள் சித்தி.

இப்போதைய தலைவரும் நல்ல மனிதர்தான். ஆனால் ஊரில் நான்கு டீக்கடை வந்துவிட்டது, எதில் பிடிப்பது? அதனால் நான் செல்போனிலேயே அரசுக்கு ஒரு மனு போட்டேன். மனு எண் வந்தது. பதினெட்டாம் நாள், ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது குறுஞ்செய்தியும் வந்தது. சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்: தங்கள் மனுமீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு, முடித்துவைக்கப்பட்டது.

"பஸ்ஸு?"

"அதப்பத்தி ஒண்ணும் இல்ல சித்தப்பா."

"கையெழுத்து யாரு போட்டிருக்கான்?"

செல்லை என் கையிலிருந்து வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார்.