இழுத்தால் வராத டிராயர்

கேள்வி: ஆபீஸில் ஃபைல்தான் நகராது என்று பார்த்தால், ஃபைல் கேபினெட்டின் டிராயரும் கழன்று வர மறுக்கிறதே! இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது. உள்ளே ஆணி அடித்து வைத்திருக்கிறார்களா?

பதில்: இழுத்தவுடன் கழன்று வரும் டிராயர் தினமும் யார் காலில் விழும்? அதற்காகத்தான் தடுப்பு. பால் பேரிங் சேனல் வைத்த உயரக் கேபினெட் என்றால், டிராயரைக் கடைசி வரை இழுத்து இரு பக்கச் சேனலையும் பாருங்கள். விரல் நீளத்தில் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு ஒன்று தெரியும். பெரும்பாலும் ஒரு பக்கத்து நாக்கை மேலே தூக்க வேண்டும், மறுபக்கத்து நாக்கைக் கீழே அழுத்த வேண்டும், அதுவும் ஒரே சமயத்தில். இது குறும்பு அல்ல, சிக்கனம்: இரண்டு பக்கமும் ஒரே சேனல்தான், ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருப்பார்கள். பழைய உருளை வைத்த கேபினெட்டில் நாக்கெல்லாம் கிடையாது; முட்டும் வரை இழுத்து முன்பக்கத்தைத் தூக்கினாலே பல டிராயர்கள் வந்துவிடும்.

'ஸ்க்ரூடிரைவரால் நெம்பிவிட்டால் என்ன?' என்பீர்கள். சேனல் வளையும், குண்டுகள் தரையெல்லாம் ஓடும், டிராயர் மறுபடி நேராக உட்காராது. 'ஒன்றைத் திறந்தால் அடுத்தது திறக்கவே இல்லையே' என்றால், அது கோளாறு இல்லை. இரண்டு டிராயர் ஒன்றாக வெளியே வந்தால் பாரம் முன்னால் சாய்ந்து கேபினெட்டே உங்கள் மேல் கவிழும். அதைத் தடுக்கும் பூட்டு அது. அகலமான கேபினெட்டிலும் இதே பூட்டு பெரும்பாலும் உண்டு. அதன் டிராயரை இரண்டு பேர் பிடித்து எடுங்கள். எந்த வகையானாலும் காகிதத்தைக் காலி செய்த பிறகே கை வையுங்கள்.