மாமனாரும் மரப்பெட்டியும்

கேள்வி: மெஷின் இல்லாமல், உளியும் ரம்பமும் வைத்தே புறாவால் (dovetail) மூட்டுப் போட்டு ஒரு மரப்பெட்டி செய்ய ஆசை. "நாலு ஆணி அடிச்சா முடியுற வேலைக்கு எதுக்கு மாப்ளே இவ்வளவு பாடு?" என்கிறார் மாமனார். என்ன பதில் சொல்ல?

பதில்: நீங்கள் வாதாடாதீர்கள், அவரை எகிப்துக்கு அனுப்புங்கள். அங்கே பழங்காலக் கல்லறைச் சாமான்களிலேயே இந்த மூட்டு இருக்கிறது. ஆணி பலகையைக் குத்தித்தான் பிடிக்கும். ஒரு பலகையின் விரிந்த வாலோ, அடுத்த பலகையின் முளைகளுக்கிடையே மாட்டிக்கொண்டால் இழுத்தாலும் வராது. மரம் மழைக்காலத்தில் அகலவாட்டில் உப்பும், நீளவாட்டில் அவ்வளவாக அசையாது. நான்கு பக்கமும் ரேகை பெட்டியைச் சுற்றி ஓடினால், மூலைகள் சேர்ந்தே உப்பிச் சேர்ந்தே சுருங்கும். அடிப்பலகையை மட்டும் பசை போட்டு இறுக்காமல் காடிக்குள் சும்மா விடுங்கள். இல்லாவிட்டால் அது பெட்டியையே பிளந்துவிடும்.

வாலின் சரிவு மென்மரத்துக்கு 6-க்கு 1, கடினமரத்துக்கு 8-க்கு 1 என்பது பழைய கணக்கு. கோட்டின்மேல் அறுக்காதீர்கள், கழிவுப் பக்கம் அறுத்து, கோட்டை உயிரோடு விடுங்கள். வெட்டிய வாலையே அடுத்த பலகையின் முனையில் வைத்து, கூர்கத்தியால் முளைகளை வரையுங்கள். முளையைத்தான் முதலில் வெட்டவேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. அந்தத் தகராறில் நான் நடுநிலை. இரு தரப்பு கையிலும் உளி இருக்கிறதே!

முதல் பெட்டியில் இடுக்கு விழத்தான் செய்யும். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிடுங்கள், மாமனார் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள்.