ஐயரைப் பாக்கப் பதினாலு கட்டம்

ஏல தம்பி, இங்கன வா, உக்காரு. நம்ம வேதக்கோயிலுக்கு வெப்சைட் போட்டாச்சுன்னு ஞாயித்துக்கிழமை அறிவிப்பு வாசிச்சாவ. ரொம்ப சந்தோசம். அதுல 'தொடர்பு கொள்ள'ன்னு ஒரு ஃபார்ம் வச்சிருக்கியே, பேத்தி போன்ல காட்டினா. பேரு, அப்பா பேரு, வயசு, சேகரம், சபை, தொழிலு, ஆதார் நம்பர், சங்கக் காணிக்கை கட்டியாச்சா... பதினாலு கட்டம்! ஏல, இது ஐயரைப் பாக்கவா, பாஸ்போர்ட் எடுக்கவா?

அந்தக் காலத்து மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1841-ல இடையன்குடிக்கு வந்தாவளே, மெட்ராஸ்ல கெளம்பி நடந்தே தெக்க வந்தாவ. சனத்தைத் தேடி அவ்வளவு தூரம் நடந்தாவ. நீ சனத்தைப் பதினாலு கட்டம் நடக்க விடுதே. நல்ல முன்னேற்றம்தான்.

பேரு, போனோ மெயிலோ ஏதோ ஒண்ணு, என்ன விசயம். மூணு போதும். விசயத்தை மட்டும் பிரிச்சு வை: ஞானஸ்நான சர்டிபிகேட்டு, கலியாண ஓலை, ஜெப விண்ணப்பம், மத்தது. சர்டிபிகேட்டு கேக்கவன் மட்டும் ஞானஸ்நான வருசத்தையும் பெத்தவங்க பேரையும் எழுதட்டும். வருசம் தெரியாம அந்தப் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினா ஐயருக்குத் தும்மல்தான் மிச்சம்.

ஆதார் கட்டத்தை இன்னைக்கே தூக்கு. ஒரு காரியத்துக்கு எது வேணுமோ அதை மட்டும்தான் சம்மதத்தோட வாங்கணும்னு 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டிருக்கான். பதினெட்டு வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க சம்மதமும் வேணும். வாங்கினதைப் பத்திரமா வைக்காம விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போவுமாம். நம்ம அசன விருந்துக்கு அரிசி வாங்கவே மூணு வாரம் மைக்ல கெஞ்சுதோம், ஞாவகம் வச்சுக்க.

ஜெப விண்ணப்பம் யாரு யாருக்குப் போவுது? கமிட்டிக்காரங்க எல்லாருக்குமா? அடப்பாவி. 'மகளுக்கு மாமியார் வீட்ல சுகமில்ல, ஜெபிச்சுக்கோங்க'ன்னு ஒரு தாய் ராத்திரி அழுதுகிட்டே எழுதுவா. விடியக்காலம் டீக்கடையில ஜெபம் ஆரம்பிச்சிரும். அது ஐயர் கண்ணுக்கு மட்டும் போவணும். 'ஆராதனையில வாசிக்கலாமா'ன்னு ஒரு டிக் கட்டம் வை. அதை முன்கூட்டியே நீயே டிக் போட்டு வச்சிராத, உன் புத்தி எனக்குத் தெரியும்.

பொறவு இந்தக் குப்பை மெயில். பஸ் இருக்க படத்தைத் தொடு, சிக்னல் இருக்க படத்தைத் தொடுன்னு ஒண்ணு வச்சிருக்கியே, கண்ணுல பொரை விழுந்தவன் பஸ்ஸைக் கண்டானா லாரியைக் கண்டானா? அதுக்குப் பதிலா, மனுசக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை ஒளிச்சு வை. வாசிக்கக் கேட்டுப் படிக்கிற பார்வையில்லாதவங்களுக்கும் அது தட்டுப்படாம பாத்துக்க. ரோபோ ஆசைப்பட்டு அதையும் நிரப்பும். நிரப்பினா தள்ளிரு. முழுக்க நிக்காது, முக்காவாசி சள்ளை கொறையும்.

இன்னொண்ணு. எழுதினவன் மெயிலையே அனுப்புநர் இடத்துல போட்டு நம்ம சர்வர் அனுப்பினா, ஆள்மாறாட்டம்னு ஜிமெயில் சந்தேகப்பட்டு ஸ்பேம்ல தள்ளிரும். அனுப்புநர் நம்ம கோயில் டொமைன் பேர்லயே இருக்கட்டும். பதில் போவ வேண்டிய இடத்துல அவன் மெயிலைப் போடு. மெயில் நெசமாவே நம்ம டொமைன்ல இருந்துதான் வருதுன்னு காட்டுத எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டையும் சரி பாத்துக்க. என்ன முழிக்கே? கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? பேத்தி என்ன, சும்மாவா படிக்கா?

துட்டி வீட்டுக்காரன் எவனும் ஃபார்ம் நிரப்பிட்டு உக்காந்திருக்க மாட்டான். ஐயர் வீட்டு போன் நம்பரை மேல பெருசாப் போடு.

இம்புட்டும் செஞ்சிருவே, கெட்டிக்காரன்தான். ஆனா காணிக்கைப் பெட்டியை ஆராதனை முடிஞ்ச கையோட ஆள் நின்னு எண்ணுதோம். இந்த மெயில் பெட்டியை யாரு தெறக்கப் போறா? மொதல்ல போயி, அந்த மெயிலோட பாஸ்வேர்டு யாரு கையில இருக்குன்னு கேட்டுட்டு வா. போன வருசம் மாத்தலாகிப் போன ஐயரு கையிலன்னு எனக்குக் கேள்வி.