ஹார்லிக்ஸ் பாட்டிலோடு யாரும் வர வேண்டாம்

நம் குடும்பங்களில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் அது அவருடைய சொந்த விஷயம் அல்ல. முதல் நாள் இரவே ஊரிலிருந்து பெரியப்பா பஸ் ஏறிவிடுவார். மறுநாள் வார்டுக்குள் ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் சகிதம் ஒரு ஊர்வலம் நுழையும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, இதே ஆபரேஷனில் போய்ச் சேர்ந்த இன்னொருவரின் கதையை விவரமாகச் சொல்வார்கள். மயக்கம் தெளியாதவரைத் தோளைப் பிடித்து உலுக்கி, “என்னை யாருன்னு தெரியுதா?” என்பார்கள். தெரியவில்லை என்றால் அழுவார்கள். தெரிகிறது என்றால் அதற்கும் அழுவார்கள்.

இந்தப் பண்பாட்டில் ஊறிய எங்கள் மாம்பலம் வீட்டில்தான் பட்டுவுக்குக் கருத்தடை ஆபரேஷன் நிச்சயமாயிற்று. பட்டு, பூனை. அதன் அண்ணன் கிட்டுவும் எங்களோடுதான் இருக்கிறான். பருவத்துக்கு வந்ததிலிருந்து பட்டு ராத்திரி முழுவதும் கத்திய கத்தலில், மாடி வீட்டு அக்கா குழந்தைக்கு மாந்தமா என்று விசாரித்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் குழந்தையே கிடையாது. மொட்டை மாடியில் தினமும் மாப்பிள்ளை வீட்டார் கூடினார்கள். பூனைக்குக் கர்ப்பகாலம் ஒன்பது வாரம்தான், வருஷத்துக்கு இரண்டு மூன்று பிரசவம் சாதாரணம் என்று டாக்டரம்மா சொன்னதும், என் மாமியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “நாள் குறிச்சிருங்க” என்றார்.

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகப் பேசுவார். “ஆபரேஷனை நான் பார்த்துக்கிறேன். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பூனை பயப்படாம இருக்கிறது உங்க கையிலதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு ஒரு பட்டியலைப் படித்தார். கேட்கக் கேட்க எனக்குத் திகைப்பாக இருந்தது. தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள், கூட்டம் கூடாதீர்கள், எட்டிப் பார்க்காதீர்கள். பாசம் என்று நாம் எதையெல்லாம் செய்வோமோ அதையெல்லாம் அந்தப் பெண் வரிசையாகத் தடை செய்துகொண்டே போனார்.

முதலில் கூடை. பூனைக்கூடையைப் பரணில் போட்டுவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று காலையில் மட்டும் இறக்கினால், அதைக் கண்டதுமே பூனை பீரோவுக்குப் பின்னால் போய்விடும். அதனால் பல நாள் முன்பே ஹாலில் கதவைத் திறந்து வைத்து, உள்ளே வீட்டு வாசனை உள்ள பழைய துணியைப் போட்டு, அவ்வப்போது தீனியும் வைத்து, அது ஒரு சாதாரண படுக்கை என்று பூனையை நம்பவைக்க வேண்டும். மேல்மூடி கழலுகிற கூடையாக இருந்தால் இன்னும் நல்லது. பூனையை வெளியே இழுக்காமல், மூடியை மட்டும் எடுத்துவிட்டு, அது அடிப்பாதியில் உட்கார்ந்திருக்கும்போதே டாக்டர் பரிசோதித்துவிடலாம்.

என் பழைய நைட்டியை விரித்து ஹாலில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் உள்ளே இரண்டு கிலோ சின்ன வெங்காயம். “நல்லா காத்தோட்டமா இருக்கும்மா, சும்மாதானே கிடக்கு” என்றார் மாமியார். வெங்காயம் பூனையின் ரத்தத்துக்கே விஷம் என்று விளக்கி அதை அடுப்படிக்கு மாற்றினேன். அப்புறம், நல்லபடியாகப் போய்வர வேண்டுமே என்று கூடைக்குச் சாம்பிராணி போட்டுவிட்டார். பூனை கன்னத்தை நாற்காலிக் காலில் தேய்க்கிறதே, அது தன் வாசனையைப் பூசி ‘இது என் இடம்’ என்று எழுதிவைப்பது. அந்த வாசனையைச் செயற்கையாகச் செய்து ஸ்பிரேயாகவே விற்கிறார்கள். கிளம்பக் கால் மணி நேரம் முன்பு கூடைக்குள் அடித்தால் பதற்றம் கொஞ்சம் தணியும் என்கிறார்கள். நானும் வாங்கியிருந்தேன். சாம்பிராணியின் முன்னால் அது எம்மாத்திரம்? நைட்டியைத் துவைத்து, பட்டுவை அதன்மேல் தூங்கவைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அடுத்தது மாத்திரை. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வீட்டிலேயே கொடுத்துவிடும்படி டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது காபாபென்டின். பூனையைத் தூங்கவைக்காமலே பயத்தின் முனையை மழுக்கிவிடும். நடையில் கொஞ்சம் தள்ளாட்டம் தெரியும், அவ்வளவுதான். சீட்டை வாங்கிப் படித்த மாமியாரின் முகம் மாறியது. “இது என் மாத்திரை!”

உண்மைதான். வலிப்பு நோய்க்கென்று வந்து, நரம்பு வலிக்கும் பழகிப்போன மருந்து அது. சர்க்கரையால் பாதம் எரிகிறவர்களுக்கு எழுதிக்கொடுப்பது வழக்கம். மாமியாரும் ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறார். தனக்கும் பூனைக்கும் ஒரே மருந்து என்பது அவருக்குக் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. தனக்கு மருந்து எழுதிய பெரிய டாக்டர் தன்னைப் பற்றி என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று யோசித்தார். கொஞ்ச நேரத்தில் மனம் மாறி, “புதுசா எதுக்குக் காசு? என் ஸ்ட்ரிப்புல பாதி உடைச்சுக் கொடு” என்றார். அது முடியாது. பூனைக்கு அதன் எடைக்குத் தக்க அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதே மருந்துப் பெட்டியில் இன்னொரு பக்கம் இருக்கிற பாராசிட்டமால் பூனைக்கு எமன். மனிதக் கல்லீரல் அதைச் செரித்து வெளியேற்றுகிற வழி பூனைக்குச் சரியாக அமையவில்லை. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடலாம். ஆபரேஷன் ஆன பூனை முனகுகிறதே என்று இரக்கப்பட்டு ஒரு துண்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை இந்த இடத்தில் சிரிக்காமல் எழுதுகிறேன்.

பட்டினி விஷயத்தில் மாமியாருக்கு ஏமாற்றம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் சாப்பாடு இருந்தால் வாந்தி வந்து மூச்சுக்குழலில் இறங்கும் என்பதால் வெறும் வயிறு வேண்டும். முன்பெல்லாம் ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொல்வார்கள். இப்போது ஆரோக்கியமான பெரிய பூனைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் போதும் என்று குறைத்துவிட்டார்கள். குட்டிக்கு இன்னும் குறைவு. தண்ணீரைத் தடுப்பதே இல்லை. கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கும் மாமியார், “ஆறு மணி நேரமா? இதுக்குப் பேரு பட்டினியா?” என்று முகம் சுளித்தார். அதே மாமியார்தான், காலையில் பட்டு வெறும் தட்டைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்ததும் பாலோடு கிளம்பி வந்தார். ஃப்ரிட்ஜ் வாசலில் நான் மறித்து நின்றேன். அன்று பார்த்து எதிர்வீட்டில் வஞ்சிரம் வறுத்தார்கள்.

ஆட்டோவில் கூடையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டோம். கண்ணில் படாததற்குப் பூனை பயப்படுவது குறைவு. கூடையைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு போகக்கூடாது, அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். பூசைப் பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோவதைப் போல நான் ஏந்திக்கொண்டு வந்ததைப் பார்த்து, “என்னக்கா, சாமியா?” என்றார் ஆட்டோக்காரர். பூனை, ஆபரேஷன், ஹார்ன் அடிக்காதீங்க என்று சொன்னேன். சென்னையில் ஹார்ன் அடிக்காமல் ஆட்டோ ஓட்டச் சொல்வது என்ன கோரிக்கை என்று எனக்கே தெரியும். ஆனாலும் மனிதர் துரைசாமி சுரங்கப்பாதை தாண்டும்வரை அடிக்கவில்லை. தாண்டியதும் சேர்த்து வைத்து அடித்தார்.

காத்திருக்கும் இடத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு லாப்ரடார். கூடையைத் தரையில் வைத்தால் நாயின் மூக்கு உயரத்துக்குச் சரியாக இருக்கும். பெஞ்சின்மேல், சுவரைப் பார்த்தபடி வைக்க வேண்டும். வைத்தோம். ஆனால் என் வீட்டுக்காரரை எங்கே வைப்பது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் துண்டைத் தூக்கி, “பட்டும்மா, அப்பா இருக்கேன்டா, பயப்படாத” என்றார். ஒவ்வொரு முறையும் பட்டு இன்னும் ஒரு அங்குலம் பின்னால் போனது. 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். பூனையைப் பார்த்துக் கண்ணை மெல்லச் சுருக்கி மெல்ல இமைத்தால் அதுவும் பதிலுக்கு அப்படியே செய்கிறது, அப்படி இமைப்பவரிடம் நெருங்கியும் வருகிறது என்று கண்டார்கள். பேச்சை நிறுத்துவாரே என்று நான் இதை அவரிடம் சொன்னேன். அவர் கூடையின் முன்னால் குனிந்து அரைக்கண் போட்டு இமைத்துக்கொண்டே இருந்தார். கம்பவுண்டர் வந்து, “சாருக்குக் கண்ணுல ஏதும் தொந்தரவா?” என்று அக்கறையாக விசாரித்தார்.

உள்ளே நடப்பதைப் பற்றி நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கும் பழைய வழக்கத்தை இப்போது தவிர்க்கிறார்கள். துண்டில் சுற்றி, முகம் மட்டும் வெளியே தெரிய, ஊசி போட்டுவிடுகிறார்கள். கெட்டமின் கொடுத்தால் பூனை கண்ணைத் திறந்தபடியே மயங்கிக் கிடக்கும். கண் வறண்டு போகாமலிருக்கக் களிம்பு போடுவார்கள். பூனையின் குரல்வளை ரோஷக்காரி. குழாய் பட்டதும் இறுக்கி மூடிக்கொள்ளும். அதனால் முதலில் மரத்துப்போகும் மருந்தை அங்கே தெளித்து, அது வேலை செய்யக் காத்திருந்து, பிறகுதான் குழாய். சின்ன உடம்பு, வயிற்று முடியையும் மழித்தாகிவிட்டது, சூடு சீக்கிரம் இறங்கும். அதனால் கதகதப்புக்கு ஏற்பாடு உண்டு.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. பிரிட்டனில் 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளின் கணக்கை எடுத்து 2008-இல் வெளியிட்டார்கள். மயக்க மருந்து தொடர்பான இறப்பு மொத்தத்தில் 0.24 சதவீதம். ஆரோக்கியமான பூனைகளில் 0.11, அதாவது ஆயிரத்துக்கு ஒன்று சொச்சம். இதில் கவனிக்க வேண்டியது, இறந்தவற்றில் பாதிக்கு மேல் ஆபரேஷன் மேஜையில் இறக்கவில்லை, முடிந்த பிறகு, அதிலும் முதல் மூன்று மணி நேரத்துக்குள்தான் பெரும்பாலும். எனவே “முடிஞ்சிருச்சுல்ல, தூக்கிட்டு வந்துரு, வீட்டுல தூங்கட்டும்” என்று போனில் மாமியார் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலையை நிமிர்த்தி உட்கார்ந்து, எங்களை அடையாளம் தெரிந்து வெறுப்போடு பார்க்கும்வரை பட்டு அங்கேயே இருந்தது.

வீட்டில் உள்ளறையைத் தயார் செய்திருந்தேன். மங்கிய வெளிச்சம், தரையில் படுக்கை, ஏறிக் குதிக்க ஒன்றும் இல்லாத இடம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. காயத்தில் மண் ஒட்டாமலிருக்க மலத்தட்டில் கிழித்த செய்தித்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால், வாசலில் மாமியாரின் தங்கை. வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் ஆப்பிள், சாத்துக்குடி, புது ஹார்லிக்ஸ் பாட்டில். “பட்டுவுக்கு ஆபரேஷனாமே, அக்கா போன்ல சொன்னா. சின்னப் பொண்ணாச்சே, கல்யாணம் ஆகணுமே!”

யாருடைய பெண் என்று அவர் மனதில் வைத்திருந்தார் என்பதை நான் கேட்கவில்லை. பூனை என்று தெரிந்தபின்னும் வந்த காரியத்தை விடுகிறவர் அல்ல சின்ன அத்தை. நான் காபி போடும் நேரத்தில் உள்ளறைக்குப் போய், அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டு, “என்னை யாருன்னு தெரியுதா?” என்று கேட்டுவிட்டார். பட்டு தனக்கு எட்டிய மொழியில் பதில் சொன்னது. கீறல் ஆழமில்லை.

வலியைக் கண்டுபிடிக்கிற விஷயத்தில்தான் என் மாமியார் எல்லோரையும் மிஞ்சினார். பூனை வலியை மறைப்பதில் கெட்டிக்காரி. அதன் முகத்தைப் படிக்க 2019-இல் கனடாவில் மொன்றியல் பல்கலைக்கழகத்தார் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை நிற்கும் விதம் என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை மதிப்பெண் போட வேண்டும். பத்துக்கு நாலைத் தொட்டால் வலிமருந்து தேவை. காது பக்கவாட்டில் திரும்புவது, கண் இடுங்குவது, தலை தோளுக்குக் கீழே இறங்குவது இதெல்லாம் அடையாளம். நான் படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கொண்டிருந்தபோது, மாமியார் கதவிடுக்கில் ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுக்கு வலிக்குது, டாக்டருக்குப் போன் போடு” என்றார். கூட்டிப் பார்த்தேன். ஐந்து வந்தது. மருமகள் முகத்தைத் தினமும் படித்துவருகிற ஒருவருக்கு மொன்றியல் புதிதாக என்ன கற்றுக்கொடுத்துவிடும்? டாக்டரம்மா மருந்தைச் சரிசெய்தார். சாயங்காலம் பட்டு கொஞ்சம் சாப்பிட்டது.

கழுத்தில் புனல் மாட்டியதும் பட்டு பின்னால் பின்னால் நடந்து சுவரில் முட்டியது. டாக்டரம்மாவைக் கேட்டு, பழைய டீ-ஷர்ட்டில் நாலு ஓட்டை போட்டு மாட்டினோம். மாமியார் அதற்குப் பின்புறம் நாடா வைத்துத் தைத்தார்.

நாங்கள் எதிர்பார்க்காதது கிட்டு. கூடப் பிறந்தவளைக் கண்டதும் முதுகைத் தூக்கிச் சீறினான். ஆஸ்பத்திரி வாடையில் அவனுக்கு அவள் அந்நியப் பெண். சண்டைபோட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விடக்கூடாது. தனித்தனியாக வைத்து, இருவரின் படுக்கைத் துணியையும் மாற்றி மாற்றிப் போட்டு, வாசனை கலந்த பிறகுதான் சேர்த்து விட்டோம்.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டரம்மா, “அண்ணனுக்கும் பண்ணிரலாமே. ஆண் பூனைக்கு ரொம்பச் சின்ன வேலைதான். வயித்தைத் திறக்க வேண்டாம், பெரும்பாலும் தையலே தேவைப்படாது” என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். “அவனுக்குச் சுலபமா முடியுமுன்னா, முதல்ல அவனுக்குல்ல பண்ணியிருக்கணும்?” என்றார். மொட்டை மாடியில் கூடிய மற்ற மாப்பிள்ளைகளை நினைவுபடுத்தினேன். அவர் ஒப்புக்கொண்டமாதிரி தெரியவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம். மனிதர்களிலும் ஆணுக்குத்தான் இது சுலபமான ஆபரேஷன். இந்தக் கணக்கை நான் சத்தமாகப் படித்தபோது, ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுந்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கிட்டுவும் அவர் பின்னாலேயே போனான்.