பாரம் சுமப்போர் பாடு

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து லாரி முதலாளிகளிடம் க்ஷேமம் விசாரித்தால், பதில் தேகத்தைப் பற்றி வராது. டீசலையும் சுங்கச்சாவடியையும் ரிட்டன் லோடையும் பற்றியே வரும். வடக்கே சரக்கை இறக்கிவிட்டு, திரும்புவதற்குப் பாரம் கிடைக்காமல் புக்கிங் ஆபீஸ் வாசலில் நாட்கணக்கில் தவங்கிடக்கும் லாரிக்காரரும், அதே வேளையில் வேறோர் ஊரில் வண்டி அகப்படவில்லையே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஆலைக்காரரும் ஒருவரையொருவர் காணாதிருப்பதே இத்தொழிலின் மகா விசேஷம். இருவருக்கும் நடுவே கமிஷனோடு சௌக்கியமாக இருப்பவர் தரகர் ஒருவரே.

சர்க்காரும் சும்மா இருந்துவிடவில்லை. 2018 ஜூலையில், ஒரே அறிவிக்கையினால் அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தி, புதிதாக ஒரு லாரியும் வாங்காமலேயே தேசத்தின் வாகன பலத்தைப் பெருக்கிக் காட்டினார்கள். நேற்றுவரை ஓவர்லோடு என்று அபராதம் கட்டிய பாரத்தில் ஒரு பகுதி, மறுநாள் முதல் சட்டபூர்வமான அந்தஸ்தை அடைந்தது. இருக்கிற சரக்குக்குக் குறைந்த வண்டிகளே போதுமென்றாகிவிட்டபடியால், வாடகை பேசுகையில் லாரிக்காரரின் குரல் மட்டும் சற்றே தணிந்தது.

டிரைவர் பஞ்சத்துக்கும் பரிகாரம் வந்துவிட்டது: 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். ஆனால், லாரி டிரைவருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சாதிக்கும் மாமனார்கள் இந்தக் குளிர்ச்சியைக் கேள்விப்பட்டாவது மனம் இளகவேண்டும் என்பதற்கு மேற்படி உத்தரவில் ஷரத்து ஏதுமில்லை.