எடுக்காத படத்துக்கு ஒரு வாழ்த்து

2003இல் கான் திரைப்பட விழாவில் நற்செய்தி வந்தது. ஜப்பானின் ‘நியோன் ஜெனசிஸ் இவாஞ்சலியன்’ அனிமேயை நிஜ நடிகர்களோடு எடுக்கப்போகிறார்களாம். கைனக்ஸ், அமெரிக்காவின் ஏ.டி.வி. ஃபிலிம்ஸ், நியூசிலாந்தின் வெட்டா மூன்றும் கூட்டு. ராட்சத ரோபோக்களின் மாதிரி ஓவியங்கள் வெளிவந்தன. அத்துடன் கடமை முடிந்தது. என்ன நேர்த்தி! அந்தப் படத்தில் ஒரு காட்சியையாவது குறை சொல்லுங்கள் பார்ப்போம்.

எடுக்காமலே படத்தை முடிக்கும் இந்தத் திறமைக்கு எங்கட கல்குடாதான் சரியான களம். இவாஞ்சலியன் கதையின் தொடக்கத்திலேயே கடலிலிருந்து ஒரு பூதம் எழும். கல்குடாவை அடுத்த நம் பாசிக்குடாக் கடலிலோ வெகுதூரம் போனாலும் இடுப்பளவுத் தண்ணீர். பூதத்துக்குக் கணுக்கால்கூட நனையாது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துதான் வரவேண்டும். அது கரை சேர்வதற்குள் ரோபோ ஆறுதலாகப் பிளேன்டீ குடித்து முடிக்கலாம். படப்பிடிப்புத் தளத்துக்கு அடிக்கல்லும் புதிதாக வேண்டாம். போன தேர்தலுக்கு நட்டதில் பெயரை மாற்றினால் போதும்.

வெளிநாட்டார் இதற்கெல்லாம் ஒத்துவருவார்களா என்று முதலில் தயங்கினேன். பிறகு பார்த்தால், 2011இல் படமாக்கும் உரிமை கேட்டு ஏ.டி.வி., கைனக்ஸ்மேல் வழக்கே போட்டிருக்கிறது. பிறக்காத பிள்ளைக்குக் காணி வழக்கு! ஜப்பானாவது, அமெரிக்காவாவது, ஆட்கள் எங்கட பக்கம்தான்.